மாடியில் சோலார் வெந்நீர்: குமரி வாசகர்களின் கேள்விகள்

மோட்டாரே இல்லாமல் தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது? தொட்டிக்கு மேல் நிற்கும் வளைந்த குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா? (நாகர்கோவில்)

தயவுசெய்து அடைக்காதீர்கள். அது காற்றுக்குழாய். அதை மூடிவிட்டால், வெந்நீரைத் திறக்கும்போது உள்ளே காற்று வர வழியில்லாமல் தொட்டி நசுங்கிவிடலாம். மேலே இருக்கும் பச்சைத்தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைவிட அது தாழ்ந்திருந்தால்தான் சொட்டும். பிளம்பரிடம் சொல்லிக் குழாயை உயர்த்துங்கள், போதும்.

சுற்றுவதற்குக் காரணம் சூடுதான். வெயிலில் காய்ந்த தண்ணீர் கனம் குறைந்து மேலே ஏறும். தொட்டியின் அடியில் கிடக்கும் பச்சைத்தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்கும். அதனால்தான் தொட்டியை எப்போதும் வெயில் வாங்கும் பகுதிக்கு மேலே வைக்கிறோம். இரண்டையும் சேர்க்கும் இணைப்புக் குழாய் நடுவில் எங்காவது தொய்ந்தால் காற்று அடைத்துக்கொள்ளும், சுற்று நின்றுபோகும். சூடு போதவில்லை என்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் குழாயைத்தான்.

ஆடி மாதம் உச்சி வெயில் வடக்குப் பக்கம் நிற்கிறது. பிறகு ஏன் தெற்கு பார்த்து வைக்கிறார்கள்? (தக்கலை)

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நம் மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். ஆனால் ஜூனில் தலைக்கு மேலிருந்து வடக்கே 15 டிகிரிதான் விலகும். டிசம்பரில் தெற்கே 32 டிகிரி வரை சாயும். வெந்நீர் அதிகம் தேடுவது மார்கழி, தையில்தானே? அந்த மாதங்களுக்காகத்தான் தெற்கு. நம் ஊருக்குச் சாய்வு லேசாக இருந்தாலே போதும். அதற்காகப் படுக்கை வசமாக வைத்துவிடாதீர்கள், சூடான தண்ணீர் மேலே ஏறாது.

கடலோர வீடு, போர் தண்ணீரும் உப்பு. வெயில் வாங்கும் பகுதி கண்ணாடிக் குழாய் வகையா, தட்டைப் பலகை வகையா, எதை வாங்குவது? (குளச்சல்)

உங்களுக்குக் கண்ணாடிக் குழாய்தான். தட்டைப் பலகைக்குள் ஓடுவது மெல்லிய செம்புக் குழாய். உப்பு படிந்தால் சீக்கிரம் அடைத்துவிடும். கண்ணாடிக் குழாய் அகலமானது, உருவிக் கழுவலாம். தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டிக்குப் பதிலாக அது அரிக்கப்படும். கரைந்ததும் மாற்ற வேண்டும். உப்புக்காற்றில் முதலில் போவது ஸ்டாண்டுதான், அது துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். தென்னை மேலே கவிந்திருந்தால் இடத்தை மாற்றுங்கள். தேங்காய் விழாவிட்டாலும் நிழல் விழுமே.

கண்ணாடிக் குழாய் உடையவில்லை, ஆனால் சூடு குறைந்துவிட்டது. (மார்த்தாண்டம்)

குழாயின் கீழ் நுனியைப் பாருங்கள். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போல வெள்ளி நிறப் பூச்சு மின்னினால் குழாய் நல்லது. பால் போல வெளுத்திருந்தால் குழாயின் இரண்டு கண்ணாடி அடுக்குக்கும் நடுவே சூட்டைக் காத்த வெற்றிடம் போய்விட்டது. வெயிலில் அதைத் தொட்டால் வெளியேயும் சுடும். அந்தக் குழாயை மட்டும் மாற்றினால் போதும். மாற்றுவதைக் காலையிலேயே முடியுங்கள். உச்சி வெயிலில் காய்ந்து கிடக்கும் குழாயில் பச்சைத்தண்ணீர் பாய்ந்தால் விரிசல் விடும்.

மழைக் காலத்தில் வெந்நீருக்கு என்ன செய்வது? (குலசேகரம்)

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது, தொட்டிக்குள் மின்சாரக் காயில் (சூடேற்றும் கம்பிச்சுருள்) இருப்பது நல்லது. 100 லிட்டரை 30 டிகிரி கூட்ட மூன்றரை யூனிட் ஆகும். எனவே முழு நாளும் போட்டு வைக்காமல், குளிக்கப் போகும் முன்பு போடுங்கள்.