உரை முனையத்தின் திரையையும் நடத்தையையும் கட்டளை வரியிலிருந்து மாற்றுவது எப்படி?

கிளிநொச்சியில் வரைகலைத் திரை இல்லாத, கட்டளைகளைத் தட்டி இயக்கும் உரை முனையம் மட்டுமே உள்ள லினக்ஸ் கணினியொன்றைப் பராமரிக்கும் நீங்கள், சில நிமிடங்களில் திரை கறுத்துப்போவதையும், செயலியொன்று இடையில் நின்றபின் தட்டும் எழுத்துகள் தெரியாமற்போவதையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவதற்கு, அக்கணினியின் முன்னிருந்தே 'செட்டெர்ம்' கட்டளையில் இரட்டைச் சிறுகோட்டுடன் 'பிளாங்க்' என்ற தெரிவுக்குச் சுழியம் கொடுங்கள் (setterm --blank 0). 1 முதல் 60 வரையான எண்ணாயின் அத்தனை நிமிடங்களில் திரை அணையும். இக்கட்டளை எந்தக் கோப்பிலும் எதையும் எழுதாமல் முனையத்துக்குக் குறியீட்டுத் தொடர்களை மட்டுமே அனுப்புவதால், மின்சாரம் ஒருமுறை நின்று வந்தாலே அமைப்புப் போய்விடும். நிலைத்திருக்க, இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலின் தொடக்க அளவுருக்களில் 'கொன்சோல்பிளாங்க்' என்பதற்குச் சுழியத்தை இடவேண்டும் (consoleblank=0). வவுனியாவிலிருந்து, தொலைவிலுள்ள கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் (SSH) வழியாக நுழைந்து 'செட்டெர்ம்' கொடுத்தால், அதன் வெளியீடு உங்கள் மடிக்கணினியின் சாளரத்துக்கே வரும். கிளிநொச்சித் திரை அசையாது.

இரண்டாவது சிக்கல் திரையினுடையதன்று, விசை உள்ளீட்டைக் கையாளும் கேர்னல் பகுதியினுடையது. அதற்குரிய கட்டளை 'எஸ்டிடிவை சேன்' (stty sane). என்டர் விசை அனுப்பும் 13ஆம் குறி, புதிய வரிக்கான 10ஆம் குறியாக மாற்றப்படாதிருக்கக்கூடும் என்பதால், கன்ட்ரோலுடன் ஜே விசையை அழுத்தி, கட்டளையைக் கண்ணுக்குத் தெரியாமலே தட்டி, மீண்டும் அவ்விரு விசைகளையும் அழுத்துங்கள். திரையில் தெரியும் எழுத்துகளே குழம்பியிருந்தால் 'ரீசெட்' (reset) கட்டளை போதும்.