எம்டனுக்கு ராயல்டி கிடையாது

கேள்வி: உதவி இயக்குநராக இருக்கிறேன். முதல் உலகப் போரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதைப் பற்றிய பழைய வரலாற்று நூலை வைத்துத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். நூலாசிரியர் 1995-ல் காலமாகிவிட்டார். பதிப்பாளர் ஐந்து லட்சம் கேட்கிறார். "வரலாறுதானே, யாருக்குக் காசு?" என்கிறார் தயாரிப்பாளர். யார் சொல்வது சரி?
- வாசகர், சாலிகிராமம்

பதில்: 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்ததும், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததும் யார் வீட்டுச் சொத்தும் அல்ல. உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் அதன் நினைவாகக் கல் பதித்திருக்கிறார்கள். நான் அடிக்கடி கடந்துபோகிற கல். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: கருவுக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு.

உங்கள் சிக்கல் அந்த விதத்தில்தான். நீங்கள் அனுப்பிய பக்கங்களில், எண்ணெய் எரிகிற வெளிச்சத்தில் முறுக்கு டின்னை அணைத்துக்கொண்டு ஓடுகிற கிழவி, அவள் பேசுகிற வசனம், காட்சிகளின் வரிசை எல்லாம் நூலில் உள்ளபடியே வருகின்றன. இதை 'வரலாறு' என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடாது. உரிமை வாங்கிவிடுங்கள்.

சரி, யாரிடம்? அரசு அந்த ஆசிரியரின் நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆக்கியிருந்தால் செலவே இல்லை. இல்லையென்றால் 2055 முடியும்வரை பதிப்புரிமை உயிரோடு இருக்கும். பதிப்பாளர் கொஞ்சம் எம்டன் மாதிரித் தெரிகிறார். ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். அச்சிடும் உரிமை மட்டும் எழுதியிருந்தால், திரைப்பட உரிமை வாரிசுகளுடையது. எல்லா வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், ரிலீஸ் வாரத்தில் தடை கேட்டு வந்து நிற்பார்.

சினிமாக்காரர்கள் வழுக்கி விழுகிற இடம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. உங்கள் படத்துக்கு இன்னும் ஹீரோவே கிடைக்கவில்லை, இல்லையா? அதனால் அந்த ஒரு வருடக் கெடு பொருந்தாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். உரிமை மொத்தம் எத்தனை வருடத்துக்கு என்றும் தெளிவாக எழுதுங்கள்; எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்தெந்த நாடுகள் என்றும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் இந்தியாவோடு சரி, சிங்கப்பூரில் ஓட்ட முடியாது.