சுரங்க நிறுவனம் கட்டும் வங்கி உத்தரவாதம் நிலத்தை மீட்கப் போதுமா?

உங்கள் ஊரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் வரவிருப்பதாகவும், "வேலை முடிந்ததும் நிலத்தைச் சீரமைப்போம், அதற்கு வங்கி உத்தரவாதம் கொடுக்கிறோம்" என்று நிறுவனம் சொல்வதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உத்தரவாதம், அதாவது நிறுவனம் சீரமைக்காவிட்டால் வங்கி அரசுக்குத் தருவதாக ஒப்புக்கொள்ளும் தொகை, இருப்பது உண்மை. ஆனால் அந்தத் தொகை போதாது என்பது என் உறுதியான கருத்து.

கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள், 2017 இதைக் கட்டாயமாக்குகின்றன. இயந்திரங்களால் இயங்கும் பெரிய சுரங்கங்கள் அடங்கிய 'ஏ' பிரிவுக்கு ஹெக்டேருக்கு 3 லட்சம் ரூபாயாகவும், மற்ற சுரங்கங்கள் அடங்கிய 'பி' பிரிவுக்கு 2 லட்சமாகவும் இருந்த தொகை, 2021இல் முறையே 5 லட்சமாகவும் 3 லட்சமாகவும் உயர்ந்தது. (கிரானைட், மணல் போன்ற சிறு கனிமங்களுக்கு இவ்விதிகள் பொருந்தா.)

கோளாறு, தொகையைப் பரப்பளவை வைத்து மட்டும் நிர்ணயிப்பதில் இருக்கிறது. ஒரு ஹெக்டேரை 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் வெளியேறுவது 3 லட்சம் கன மீட்டர். 5 லட்சம் ரூபாயை அதற்குப் பங்கிட்டால் கன மீட்டருக்கு இரண்டு ரூபாய்கூடத் தேறாது. சுண்ணாம்புக்கல் குழியை முழுக்க நிரப்பச் சொல்வது நடைமுறையில் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனெனில் தோண்டியதில் பெரும்பகுதி ஆலைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் செங்குத்தான கரையைப் படிப்படியாகச் சரித்து, மேல்மண்ணைப் பரப்பி, வேலியிட்டு, மரங்கள் வேர்பிடிக்கும்வரை காப்பதற்கும் பணம் வேண்டும். அரியலூர்ப் பக்கம் நான் சிறுவயதில் முந்திரி பொறுக்கிய மேட்டு நிலம், இன்று வேலியில்லாத நீர்க்குழியாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்துப் போகிறது. சீரமைப்பதைவிட உத்தரவாதத்தை இழப்பது மலிவு என்றால், அந்த உத்தரவாதம் யாரைக் கட்டுப்படுத்தும்?

அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்கச் சட்டம் வேறு அளவுகோலை வைக்கிறது: நிறுவனம் கைவிட்டால் அரசே அந்த வேலையை முடிக்க எவ்வளவு ஆகுமோ, அவ்வளவு பிணை. விதைத்த பிறகும் பொறுப்பு 5 ஆண்டுகள், மழை குறைந்த பகுதிகளில் 10 ஆண்டுகள் நீடிக்கிறது.

ஆகவே கூட்டத்தில் சுரங்க மூடல் திட்டத்தைக் கேளுங்கள். மேல்மண்ணை எங்கே சேமிப்பார்கள், ஒவ்வொரு பணிக்கும் என்ன செலவு, அது உத்தரவாதத்தைத் தாண்டினால் மீதியை யார் தருவார் என்று கேட்டு, பதிலைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கூட்டச் சுருக்கத்தை இறுதியில் உள்ளூர் மொழியில் வாசிக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கூறுகிறது. உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால், கலைவதற்கு முன்பே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.