அறிமுகம் செய்துவைக்க ஓர் ஆள்

கேள்வி: ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகம் செய்துவைப்பவருக்கு ஆங்கிலத்தில் வழக்கொழிந்த சொல் ஒன்று இருக்கிறதாமே? அந்த வேலைக்கென்று தனி ஆளே வைத்திருந்தார்களா என்ன?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சொல் ‘இன்ட்ரொடக்டர்’. ‘இன்ட்ரொட்யூசர்’ நிலைத்ததும் அது மறைந்துவிட்டது. உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆம், ஆள் வைத்திருந்தார்கள்.

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். வெந்நீர் ஊற்றில் குளித்தால் நோய் தீரும் என்று வந்த கூட்டம், 18ஆம் நூற்றாண்டில் நடனத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் வர ஆரம்பித்தது. எல்லாரும் வெளியூர்க்காரர்கள், யார் எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் தெரியாது. அங்கே ‘மாஸ்டர் ஆஃப் செரமனீஸ்’ பதவியில் அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியவர் ரிச்சர்ட் நாஷ். 1761இல் இறந்தார். ஊருக்குப் புதிதாக வருபவர்களைப் போய்ப் பார்ப்பார், ஆளை எடைபோடுவார், நடனத்துக்கு யாரோடு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வார். நடன அரங்குக்குள் வாள் கூடாது என்றவரும் அவர்தான். இரவு 11 மணிக்கு ஆட்டம் முடிந்தாக வேண்டும். இளவரசி அமீலியா இன்னும் ஒரே ஓர் ஆட்டம் என்று கேட்டும் மறுத்துவிட்டார் என்பார்கள்.

அந்தப் பதவி எதற்குத் தேவைப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலைப் படியுங்கள். 17 வயது காதரின், ஆலன் தம்பதியோடு பாத் வருகிறாள். மூன்று நான்கு நாள் கழித்து அப்பர் ரூம்ஸ் என்ற பொது நடன அரங்கில் நடனம். திருமதி ஆலனுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. “நீ ஆடினால் நன்றாக இருக்கும், ஒரு ஜோடி கிடைத்தால் தேவலை” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாரே தவிர, அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. தேநீர் நேரத்தில் இருவரும் வேறு யாரோ கூட்டமாக உட்கார்ந்திருக்கும் மேசையின் ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறார்கள். கடைசியில் பக்கத்தில் இருந்த ஒருவர் இரக்கப்பட்டுத் தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார். அந்த மாலை முழுவதும் வெளியாள் ஒருவர் அவர்களிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கல்லூரியில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள்: “அவளே எழுந்து போய்ப் பேசினால் என்ன மேடம்?” பேசலாம்தான். ஆனால் ‘இந்தப் பெண் யார்?’ என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே! அறிமுகம் என்பது பெயரைச் சொல்லிவிட்டுப் போவதல்ல, ஜாமீன் நிற்பது. சில நாள் கழித்து லோயர் ரூம்ஸ் என்ற இன்னொரு அரங்கில் அங்குள்ள மாஸ்டர் ஆஃப் செரமனீஸ், ஹென்றி டில்னி என்ற இளைஞனைக் கூட்டிவந்து அவளுக்கு அறிமுகப்படுத்துகிறார். கதையே அங்கிருந்துதான் நகர்கிறது. நாவலில் ‘மிஸ்டர் கிங்’ என்று வரும் அந்த மனிதர் கற்பனையல்ல. ஜேம்ஸ் கிங் 1785 முதல் லோயர் ரூம்ஸில் அந்தப் பதவியில் இருந்தவர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தவர் திரு. ஆலன். மிஸ்டர் கிங் கூட்டிவந்த பையன் என்றாலும், அன்று மாலையே அவன் யார், எந்தக் குடும்பம் என்று தனியாக விசாரித்து, பாதிரியார், நல்ல குடும்பம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவருக்கு நிம்மதி. பெண்ணைப் பொறுப்பேற்றுக் கூட்டிவந்தவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: இப்போதும் அப்படிப் பதவி எங்காவது இருக்கிறதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வெளிநாட்டுத் தூதர்களை அறிமுகம் செய்துவைக்க இருக்கிறது. பிரிட்டனில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1603இல் இதற்காக ஏற்படுத்திய அரண்மனைப் பதவி, 1920 முதல் ‘மார்ஷல் ஆஃப் த டிப்ளமேடிக் கோர்’ என்ற பெயரில் தொடர்கிறது. புதுத் தூதரைக் குதிரை வண்டியில் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு அழைத்துப்போவது அவர் வேலை. ஸ்பெயினிலோ ‘இன்ட்ரொடக்டர்’ என்ற அந்தப் பழைய பெயரே புழக்கத்தில் இருக்கிறது: ‘இன்ட்ரொதுக்தோர் தெ எம்பஹதோரெஸ்’, அதாவது தூதர்களை அறிமுகம் செய்பவர், வெளியுறவு அமைச்சகத்தின் அதிகாரி.