என்எஃப்எஸ் சர்வரில் என் ஹோம் ஃபோல்டர் வேறொருவர் பெயரில் தெரிவது ஏன்?

பத்து உபுண்டு கணினிகள், எல்லார் ஹோம் ஃபோல்டரும் ஒரே என்எஃப்எஸ் (NFS) சர்வரில், அதாவது நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் சர்வரில். ஒரு கணினியில் மட்டும் உங்கள் கோப்புகள் வேறொருவர் பெயரில் தெரிகின்றன என்கிறீர்கள். கோப்புகள் கெடவில்லை, எண்தான் இடிக்கிறது.

வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் உங்கள் பெயரைப் பார்த்து அனுமதி தருவதில்லை, யுஐடி (UID) எனும் பயனர் அடையாள எண்ணைத்தான் பார்க்கும். உபுண்டுவில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. ஒரு கணினியில் கவிதாவையும் இன்னொன்றில் முருகனையும் முதலில் சேர்த்திருந்தால் இருவருமே 1000. சர்வருக்கு இருவரும் ஒரே ஆள்! கவிதாவின் கோப்பை முருகன் தாராளமாக அழிக்கலாம்.

ஒவ்வொரு கணினியிலும் 'ஐடி' (id) கட்டளையைத் தட்டி எண்களை ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று கணினி என்றால் கையாலேயே மாற்றிவிடலாம். பத்துக்கு எல்டாப் (LDAP) என்ற பொதுவான பயனர் பட்டியல் சேவையைப் போடுவதுதான் நிம்மதி. கணக்குகள் ஒரே இடத்தில் இருக்கும். எண்ணை மாற்றியதும் பழைய கோப்புகளின் உரிமையாளரையும் மாற்ற வேண்டும். அதைச் சர்வரிலேயே செய்யுங்கள். மற்ற கணினியில் ரூட்டாக (நிர்வாகியாக) முயன்றாலும் அனுமதி மறுக்கப்படும், ஏனென்றால் ரூட் ஸ்குவாஷ் என்ற என்எஃப்எஸ் பாதுகாப்பு அங்கிருந்து வரும் ரூட்டை 'நோபடி' என்ற அதிகாரமில்லாத பயனராக ஆக்கிவிடும். எரிச்சலில் அதை அணைத்துவிடாதீர்கள்.

அப்புறம், மொத்த ஹோமையும் கணினி தொடங்கும்போதே இணைக்கும்படி எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எழுதுவதைவிட ஆட்டோஎஃப்எஸ் (autofs) என்ற மென்பொருள் நல்லது. யார் நுழைகிறாரோ அவர் ஃபோல்டரை மட்டும் அப்போது இணைக்கும்.