மலைச் சரிவில் புதைவடம்: வாசகர் கேள்விகள்

குன்னூர் வாசகர்: காற்று அடித்தால் கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ லைன்மேல் சாய்ந்து கரண்ட் போகிறது. சென்னையில் இருப்பதுபோல் இங்கும் எல்லாவற்றையும் மண்ணுக்குள் போட்டால் என்ன?

கடைவீதிக்குப் போடலாம், போடவும் வேண்டும். சரிவுகளில்தான் தயக்கம். 11 கே.வி. (11,000 வோல்ட்) கேபிளை 90 செ.மீ. ஆழத்தில் பதிக்க வேண்டும். மேட்டை வெட்டிப் போட்ட சாலையோரம் அந்த ஆழத்துக்குத் தோண்டினால் மேட்டின் அடிவாரத்தையே அரிக்கிறோம். அடுத்த மழையில் மண் சரியும். சரிந்தால் கேபிளும் இழுபடும், இரு துண்டுகளை இணைத்த ஜாயின்ட்தான் முதலில் பிய்யும்.

ஜாயின்ட்தான் எப்போதும் பலவீனம். மூடுபனிக்குள் பிரித்து வேலை செய்தால் ஈரம் உள்ளே தங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து வெடிக்கும். மேலே போகும் கம்பி அறுந்தால் லைன்மேன் கண்ணால் பார்த்துவிடுவார். புதைவடத்தில் பழுது என்றால் அதற்கென உள்ள கருவி வந்து இடத்தைக் காட்டிய பிறகுதான் தோண்டவே முடியும். மரம் அடர்ந்த சரிவுகளுக்கு, உறை போட்ட கம்பிகளை முறுக்கிக் கம்பத்திலேயே கட்டும் ஏ.பி. கேபிள்தான் எங்கள் சிபாரிசு. கிளை உரசினால் ட்ரிப் ஆகாது, செலவும் புதைவடத்தைவிடக் குறைவு. முழு மரமே விழுந்தால் அதுவும் தாங்காது என்பது வேறு விஷயம்.

கோத்தகிரி வாசகர்: கம்பம் மேலே சாலையில், வீடு 40 மீட்டர் கீழே. சர்வீஸ் கம்பியை மண்ணுக்குள் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பம், பிறகு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர். கம்பத்தில் நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ கைவைக்கக் கூடாது.

ஆர்மர்டு (உறைக்குள் இரும்புக் கம்பிக் கவசம் உள்ள) அலுமினியம் கேபிள் வாங்குங்கள். எத்தனை சதுர மி.மீ. என்பதை லோடு பார்த்து மின்வாரியத்தில் சொல்வார்கள். இரு முனையிலும் 3 மீட்டர் சுருள் விட்டு, கம்பத்தில் ஏறும் நீளத்தையும் சேர்த்து ஒரே துண்டாக எடுங்கள். நடுவில் ஜாயின்ட் வேண்டவே வேண்டாம். பள்ளம் 75 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலம். அடியில் 8 செ.மீ. மணல், கேபிள், மேலே மறுபடி 8 செ.மீ. மணல், அதன்மேல் செங்கல். 40 மீட்டருக்கு மணல் சுமார் 80 கன அடி, நெடுக்காக அடுக்கினால் செங்கல் 175. செங்கலுக்கு மேல் எச்சரிக்கை டேப். நாளைக்குக் காய்கறிப் பாத்தி கொத்துபவருக்கு அது உயிர்.

சமதளத்தில் இத்தோடு முடிந்தது. சரிவில் அந்த மணல் பாதையே மழைநீருக்கு ஓடையாகிவிடும். ஒரே பருவத்தில் மணல் அடித்துப்போய் கேபிள் வெறுமனே தொங்கும். அதனால் 5 மீட்டருக்கு ஒரு இடத்தில் மணலும் சிமென்டும் கலந்த சாக்கு மூட்டைகளால் பள்ளத்தைக் குறுக்கே அடைத்து, கேபிள் போகும் இடத்தில் ஒரு துண்டு குழாய் விடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது மேல்முனை. கம்பத்தின் மேலே நான்கு கோர்களும் (உள்கம்பிகளும்) பிரியும் இடத்தில் சூடாக்கிச் சுருக்கும் உறை போடாவிட்டால், மழைநீர் ஆர்மர் கம்பிகளுக்கு இடையே இறங்கி 40 மீட்டரும் பயணம் செய்து உங்கள் மீட்டர் பெட்டிக்குள் சொட்டும். வீடு கீழே இருப்பதால் வரும் வினை இது. பெட்டிக்குள் கேபிளை அடியிலிருந்து மேல்நோக்கி நுழைத்து, நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள். பெட்டியில் செம்புப் பட்டை என்றால் இருஉலோக லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள கம்பிமுனை இணைப்பு) போடச் சொல்லுங்கள். வெறும் அலுமினிய லக்கை அதில் முடுக்கினால் இந்த ஈரத்தில் அரித்து, தளர்ந்து, கருகும். ஆர்மரை கிளாண்ட் (பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் உலோகத் துண்டு) வழியாக எர்த்தில் சேர்க்க வேண்டும்.

பள்ளத்தை மூடுவதற்கு முன் மெக்கர் (கம்பி உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். புதுக் கேபிள் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டும். ஒன்றிரண்டுதான் காட்டினால், முனையை மூடி போடாமல் பனியில் கிடத்தியிருப்பார்கள். நனைந்த நீளத்தை வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும்; ஜனவரி முதல் மார்ச்சுக்குள் தோண்டி மூடிவிடுங்கள்.

ஊட்டி வாசகர்: அதே பள்ளத்தில் இன்டர்நெட் கேபிளும் போடலாமா?

போடலாம். மின்கேபிளுக்கு மேலே 30 செ.மீ. தள்ளி, தனிக் குழாயில். இரண்டையும் ஒரே குழாயில் திணிக்க வேண்டாம்.