மருத்துவர் பதில்: வயிற்றுவலியும் அம்மம்மாவின் நினைவும்

கேள்வி: என் மகன் 2020 தை மாதம் முதலாம் தரத்தில் சேர்ந்தான், மார்ச்சில் கொரோனாவால் பாடசாலை மூடப்பட்டது. அவனை வளர்த்த அம்மம்மா 2021இல் அந்நோயால் ஆஸ்பத்திரியில் இறந்தார். முகம் பார்க்கவும் முடியவில்லை. இன்றுவரை பாடசாலை நாட்களில் காலையில் வயிற்றுவலி என்கிறான். பரிசோதனைகளில் குறையொன்றும் இல்லை. நடிக்கிறானா?
– ஒரு தாய், செங்கலடி

பதில்: உங்கள் மகன் நடிக்கவில்லை, அம்மா. மூளையும் குடலும் நரம்புகளால் நெருங்கிப் பிணைந்திருப்பதால், சொல்லத் தெரியாத பயமும் துக்கமும் பிள்ளைகளிடம் பல வேளைகளில் வயிற்றுவலியாக வெளிப்படுகின்றன. அந்த வலி மெய்யானது. ஆயினும் எடை குறைதல், நித்திரையைக் கலைக்கும் வலி, தொடர் வாந்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் மீண்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலாம் தரத்தில் பழக வேண்டிய எழுத்தும் கூட்டாளிகளும் கைத்தொலைபேசிக்குள் சுருங்கியது ஒரு காரணமாகலாம். வாசிப்பில் பின்தங்கியிருக்கிறானா என வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எனினும் என் மனம் அம்மம்மாவிடமே நிற்கிறது.

ஆறேழு வயதில், இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுமையாக விளங்கிவிடுவதில்லை. நம் ஊர்களில் அதை விளங்கவைப்பது வீட்டு முற்றம்தான்: கிடத்தியிருக்கும் உடலையும், கூடி அழும் சனத்தையும், எட்டுச்செலவுக்குப் படைக்கும் சாப்பாட்டையும் பார்த்துத்தான் பிள்ளை மெல்ல மெல்ல உணர்கிறது. உங்கள் மகனுக்கு அதில் ஒன்றும் கிட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவேயில்லை. தான் வெளியே போயிருக்கும் நேரத்தில் அம்மாவும் அப்படிப் போய்விடுவாரோ என்று அவன் அஞ்சலாம். தன்னால்தான் நோய் தொற்றியதென்றும் எண்ணியிருக்கலாம். நான் கண்ட பிள்ளைகள் சிலர் இதை ஆண்டுக்கணக்கில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

ஆகவே அம்மம்மா எப்படி இறந்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதில் அவன் குற்றம் எதுவுமில்லை என்பதையும் வாய்திறந்து சொல்லுங்கள். அவன் முன் நீங்கள் அழுவதில் தவறில்லை. அடுத்த திவசத்துக்கு விளக்கேற்றுவதையும் படையலில் என்ன வைப்பதென்பதையும் அவனிடமே விடுங்கள்.

வலிக்காக வீட்டில் மறித்து வைக்க வேண்டாம். மறிக்கும் ஒவ்வொரு நாளும் பயத்தை வளர்க்கும். ஆசிரியருக்கு விடயத்தைச் சொல்லி, முதலில் அரைநாளாவது அனுப்புங்கள். எத்தனை மணிக்கு அழைக்க வருவீர்களென்று சொல்லி, அந்த நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பே நீங்கள் யாருடனாவது பேச விரும்பினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நீங்களும் உங்கள் தாயை இழந்தவர்.